மூன்றாம் லயத்துக் கால்வாய்

சுங்கை கெலுபி நகராண்மைக் கழகத்தில்
கோப்புகளுக்கு நம்பர் போடுகிறவன் நான்.
உறுப்பினர்கள் மாறுவார்கள்,
நாற்காலி உறை மாறும்,
நம்பர் மாறாது.

காத்தாயி முதல்முதலாக வந்தது
செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் முன்சீட்டில்.
கையில் நியமனக் கடிதம், காலில் ரப்பர் செருப்பு.
காவலாளி மனுக் கவுண்டரைக் கைகாட்டினான்.
அங்கேயே வரிசையில் நின்று
தன் முறை வந்ததும் சொன்னார்:
நான் உறுப்பினர்.

அன்றைக்கே என் மேசைக்கு வந்தார்.
மூன்றாம் லயத்துப் பின்பக்கம்
மழைக்கு மழை கால்வாய் தண்ணீர்
அடுப்படி வரை வருதாம்.
“பொங்குதுன்னு போடு தம்பி,
நிரம்புதுன்னு போடாத.
நிரம்பினா பாத்துக்கிட்டு இருப்பானுங்க.”
மலாயில் தட்டி
பதினேழு என்று நம்பர் போட்டேன்.

தனியார் நிலம் என்றார் தலைவர்.
கம்பெனியைக் கேளுங்கள் என்றது மாநிலம்.
கம்பெனி லண்டனில் இருந்து
கோலாலம்பூருக்கு மாறிக்கொண்டிருந்தது.
கடைசியாக அமைச்சுக்கு எழுதினோம்.

பதில் வருவதற்குள்
காத்தாயி போய்விட்டார், மேலே.
முதலில் சட்டமன்றம்.
அடுத்த தேர்தலில் மக்களவை.
தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வாக்கெண்ணி முடித்த இரவு
சீன மருந்துக்கடைக்காரர் தன் செலவில் பட்டாசு வைத்தார்.
பிறகு துணையமைச்சர்.
பிறகு டத்தோ.

பால் வெட்டிய கை இன்று ரிப்பன் வெட்டுகிறது
என்று பத்திரிகை எழுதியது.
அவர் பால் வெட்டியதே இல்லை.
ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்.
அவரும் மறுக்கவில்லை.
நாங்களும்தான்.

பதினோராம் வருஷம் கடிதம் வந்தது.
தடித்த தாள், தங்க முத்திரை.
கால்வாய் விவகாரம்
ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது,
அமைச்சு தலையிட இயலாது.
கீழே கையெழுத்து:
கடைசி எழுத்தின் வால்
குலை அறுக்கும் அரிவாளாய் வளைந்திருந்தது.
அந்த வாலை எனக்குத் தெரியும்.

கேட்டவர் காத்தாயி.
மறுத்தவர் காத்தாயி.
இரண்டு தாளையும் ஒரே கயிற்றில் கட்டி
அலமாரியில் வைத்தேன்.
அன்று மத்தியானம் நாசி லெமாக் இறங்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
மருந்துக்கடைக்காரர் அன்றிரவு
கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.
கட்சி ஆறுதலாகக் கொடுத்தது
மறுபடியும் இதே நகராண்மைக் கழகத்தை.

பழைய கஞ்சில் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.
காவலாளி எழுந்து சலாம் வைத்தான்.
அவன் புதியவன்.
மனுக் கவுண்டர்ப் பக்கம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு
நேரே என்னிடம் வந்தார்:
“பதினேழை எடு.”

அந்தத் தாளை உருவிவிடலாமா என்றிருந்தது.
உருவவில்லை.
நம்பர் போடுகிறவன் தாளை உருவக் கூடாது.

கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.
இறக்கிவிட்டு வாசித்தார்.
“இத எழுதினது யாரு?”
நீங்கதான், டத்தோ.
“எழுதினது அங்க ஒரு பையன்.
அன்னைக்கு நாப்பது தாளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
ஒன்னையும் படிக்கல.”

லயம் இப்போது இல்லை.
நாற்பத்திரண்டு வீட்டையும் இடித்துத்
தாமான் கட்டிவிட்டார்கள், வாசலில் பூவிளக்கோடு.
கால்வாய் மட்டும் பழைய இடத்தில்,
இப்போது அடுப்படிக்குப் பதில்
கார் நிறுத்துமிடம்.

“புதுசா எழுது,” என்றார்.
“நிரம்புதுன்னே போடு.
பொங்குதுன்னு போட்டுத்தானே
நானே மாட்டேன்னு சொன்னேன்.”

இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல்
ஒன்றுதான், டத்தோ.
மெலிம்பா.
அன்றைக்கும் அதைத்தான் தட்டினேன்.

வெகுநேரம் சன்னல் பக்கம் பார்த்தார்.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டிருந்தது.
“அப்படின்னா,” என்றார்,
“ரெண்டு தடவ போடு.”