டீலர் கோடு 117

நாகர்கோவிலில் அல்ல, மார்த்தாண்டத்தில் அல்ல,
குளச்சலிலேயே திறந்தார்கள்,
எனக்க கடையிலிருந்து நூற்றி நாற்பது எட்டு தள்ளி.
எட்டு எண்ணியது நான்தான்,
ஷட்டர் இறக்கியபின், தெருவில் ஆளில்லாத நேரம்.

திறப்புவிழா அழைப்பிதழில்
‘எங்கள் மதிப்பிற்குரிய டீலர்’ என்று அச்சடித்து
பெயர் எழுதும் இடத்தில் 117 என்று போட்டிருந்தது.
போனேன். கேசரியில் முந்திரி தாராளம்.

கண்ணாடிக்குப் பின்னே வரிசையாய் நின்றன
அவுட்போர்டு எஞ்சின்கள்,
ஏசிக் குளிரில் வேர்க்காமல்.
என்னிடம் அவை சாக்கின்மேல் படுத்திருக்கும்,
வருகிறவன் காலால் ஒரு தட்டு தட்டித்தான் விலை கேட்பான்.

விலைச்சீட்டு பார்த்தேன்.
கம்பெனி எனக்குப் போடும் விலையைவிட
மூவாயிரத்து இருநூறு குறைவு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
அப்போதும் குறைவு.

மேனேஜர் சுஜித்ராஜ்.
பதினோரு வருஷம் என்னிடம் ஆர்டர் எடுக்க வந்தவன்.
மார்ச் முப்பத்தொன்று ராத்திரிகளில்
டார்கெட்டுக்கு ரெண்டு குறையுதென்று
என் பில் புத்தகத்தின்மேல் தலை சாய்ப்பான்.
“எடுத்துக்கிடுங்க பெர்க்மான்ஸ் அண்ணே, எனக்க வேலை போயிரும்.”
எடுத்தேன். அவன் வேலை போகவில்லை.
இப்போது கை குலுக்கிச் சொல்கிறான்:
“இது போட்டி இல்ல அண்ணே, நாம ஒரே குடும்பம்.”
குடும்பத்தில்தானே பாகப்பிரிவினை வரும்.

ஏழு டீலர்கள் தக்கலை லாட்ஜில் கூடினோம்.
முட்டத்துக்காரர் மேசையைத் தட்டினார்,
தேங்காய்ப்பட்டணத்துக்காரர் வக்கீலைக் கூட்டிவந்திருந்தார்.
இந்த மாதம் ஒருத்தரும் சரக்கு எடுப்பதில்லை என்று
ஏழு கையெழுத்து, டீ, வடை.
சாயங்காலத்துக்குள் ரெண்டுபேர் ஆர்டர் போட்டுவிட்டார்கள்.
அதில் ஒருவன் நான்.

ஆனி ஆடியில் வள்ளம் கரையேறிக் கிடக்கும்,
பாக்கி என் நோட்டில் ஏறிக் கிடக்கும்.
கிளையில் அந்த நோட்டு இல்லை.
ஆதார், பான், மூன்று செக்.
கொட்டில்பாடு ததேயுஸ் எனக்குத் தரவேண்டியது நாற்பத்தெட்டாயிரம்.
சீட்டுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு
நேரே அங்கே போனான்.
என் வாசல் கடக்கும்போது மட்டும்
அறுந்துபோகாத செருப்பை நின்று பார்த்தான்.
அந்த மட்டுக்கும் வெட்கம் இருந்தது அவனுக்கு.
கம்பெனியிலிருந்து எனக்கு வரும் சுற்றறிக்கைகளில்
அதையும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

போன செவ்வாய் ராத்திரி ரெண்டேகால்.
“அண்ணே, எஞ்சின் சூடாகி நின்னுபோச்சு,
இழுத்துக் கரைசேத்தாச்சு,
விடிய முன்ன போகணும், நெத்திலி கெடக்கு.”
எந்த எஞ்சின் என்று நான் கேட்கவில்லை.
எந்த எஞ்சின் என்று அவன் சொல்லவில்லை.
கிளை ஆறு மணிக்கு அடைத்துவிடும்.

டார்ச்சை அவன் மகன் பிடிக்க
மணலில் முட்டுக்குத்தி இம்பெல்லர் மாற்றினேன்.
கடையிலிருந்த கடைசி ஒன்று.
“அறுநூத்தி அம்பது.”
“அங்கன்னா வாரண்டியில சும்மா மாத்துவாவ அண்ணே.”
“செரி, அங்க கொண்டு போ.”
கடலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
“நோட்டுல எழுதிக்கிடும்.”
எழுதிக்கொண்டேன்.

காலையில் இம்பெல்லர் வாங்கக் கிளைக்குப் போனேன்.
ஸ்பேர் இனிமேல் கிளை வழியாக மட்டும்;
அதற்கும் சுற்றறிக்கை உண்டு.
கவுண்டரில் புதுப் பிள்ளை.
போன் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்,
கம்ப்யூட்டர் என்னைக் கண்டதில்லை.
“புது கஸ்டமரா சார்?”
உள்ளே சுஜித்ராஜ்
அணைந்த செல்போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.
“ஆமா மக்கா, புதுசுதான்.”

புது கஸ்டமருக்கெல்லாம் பரிசாம்,
எஞ்சின் வடிவில் ஒரு கீ செயின்.
பழையது துருப்பிடித்துத்தான் போயிருந்தது.
என் கடைச் சாவி
இப்போது அதில்தான் தொங்குகிறது.