ஙகரத்தில் ஒரு சொல்

சிப்காட்டில் எங்கள் வேலையே உத்துப் பார்ப்பதுதான்.
டியூப்லைட்டுக்குக் கீழே தோலை விரித்து
உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு,
உரித்தவன் கத்தி நழுவிய இடம்
எல்லாம் கண்ணில் படும்வரை.
ஏ கிரேடு. பி கிரேடு. தள்ளு.

ஹாங்காங்கிலிருந்து சரக்குப் பார்க்க வந்த வின்னி லாயை
ராணிப்பேட்டை எந்த கிரேடில் போட்டதோ.
முத்துக்கடையில் அவள் இறங்கியதும்
ஆற்காடு பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
பஜ்ஜிக்காரர் எண்ணெயை மறந்தார்.
அவளுக்குக் கோபமில்லை. என் காதருகே சொன்னாள்:
ஙான் டிங் டிங்.

ங!
ஒண்ணாங்கிளாஸ் அட்டையில்
படம் கிடைக்காமல் நின்ற எழுத்து.

ஙான் என்றால் கண்ணாம்.
டிங் என்றால் அசையாதது.
இரண்டு டிங் சேர்ந்தால்
போன கண் திரும்பி வர மறந்துவிட்டது.
முறைப்புக்கு ஆகாது,
அதற்கு வேறு சொல் உண்டு,
கம்பெனி டிக்கெட்டில் வந்தவள் சொல்லித்தர முடியாதது.
நம்ம திருதிருவுக்கும் ஆகாது,
அது மாட்டிக்கொண்டவன் முழி.

நாங்கள் கேட்டோமா.
வேன் கிளீனர் கோதண்டன்
கண்ணாடிக்குள் கண்ணை நட்டால்
பின்சீட்டிலிருந்து மல்லிகேஸ்வரி
"டிங் டிங்" என்பாள்.
ஸ்டாப் என்று நினைத்து டிரைவர் பிரேக் போடுவார்.

நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் வந்தது.
மணல் லாரி போன தடத்தின் மேல்
கரைக்குக் கரை, செம்மண் நிறத்தில்,
வேரோடு ஒரு வேலிகாத்தான்,
யார் வீட்டுப் பச்சைக் குடமோ.
பாலத்தில் வேன் நின்றது.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
கோதண்டன் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றான்.
அவன் என்னைப் பார்க்கவில்லை என்பது
வேன் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

வின்னிக்கு வீடியோ அனுப்பினேன்,
தண்ணீர் சத்தத்துக்கு மேலே அந்தச் சொல்லைக் கத்தி.
இங்கே ஒன்பது, அங்கே பதினொன்றரை.
உடனே குரலில் பதில்:
இடம் சரி. சத்தம்தான் தப்பு.
டிங், சைக்கிள் மணி இல்லை.
கீழே இறக்கு,
கனமான எதையோ மேஜைமேல் வைப்பதுபோல.

வைத்துப் பார்த்தபடியே உள்ளே போனோம்.
சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார்,
அரைநாள் கூலி கட்.
"இன்னாமா, ஆத்துல தண்ணி பாத்ததே இல்லியா?"

இல்ல சார்.