பத்து முதல் ஆறு வரை

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள்
அறிவிப்பு வைத்திருக்கிறார்கள்:
அமைதி நேரம், இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
அந்த எட்டு மணி நேரமும் இந்தக் கட்டடம்
நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறதாம்.
எனக்குத் தெரியாது. அப்போது நான் இங்கே இல்லை.

ஒஸ்த்ராவாவின் தெருக்களில்
டிராம் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
காலி இருக்கைகள், ஒரு குடிகாரன்,
ஆலை வாசலில் இறங்கும் நான்கு பேர்.
வளைவில் சக்கரம் கிறீச்சிடும்போது
எத்தனை பேர் படுக்கையில் புரண்டு
என்னைத் திட்டுவார்கள் என்று
போன மாதம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

என் இரவு காலை ஏழரைக்குத் தொடங்குகிறது.
தடித்த திரை. காதில் மெழுகு.
எட்டுக்கு எதிர்வீட்டுக் கதவு.
எட்டேகாலுக்குக் குப்பை லாரி.
ஜூலையில் விடுமுறை விட்டால்
மூன்றாம் மாடிப் பையன் எவ்ஜென்
பள்ளிக்கூடக் குழலை எடுத்துவிடுவான்.
நான்கே சுரம்; நான்காவதில் தடுக்கி விழுவான்,
எழுந்து, மறுபடி முதலிலிருந்து.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன்.
ஞாயிறு பதினோரு மணிக்கு
என் நெற்றிக்கு நேர் மேலே
குபேலா இறைச்சி தட்டுவார்.

தட். தட். தட்.

பன்றித் துண்டு ஒன்றுக்குப் பதினெட்டு அடி.
எண்ணியிருக்கிறேன்.
வாரம் தவறாமல் ஆறு துண்டு.

துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன்.
அவர் குதிகாலால் பதில் சொன்னார்.
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் அடித்தேன்;
அது எட்டு மாடிக்கும் கேட்டு,
எட்டு மாடியும் எனக்கு எதிரியானது.
குடியிருப்புச் சங்கத்தின் ஜ்லாட்டா அம்மாள்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"அது பகல், திராஹொமீரா.
பகலில் மனிதர்கள் சத்தம் போடுவார்கள்."
நியாயம்தான்.
நியாயத்தைத் தலைக்கு வைத்துப் படுக்க முடியுமா?

மூன்று கடிதம் கிழித்து, நான்காவதை
அவர் கதவிடுக்கில் செருகினேன்:

ஐயா,
உங்கள் ஞாயிறு மதியம் என் நள்ளிரவு.
அந்தப் பன்றி இறந்து பல நாளாகிறது.
தயவுசெய்து நம்புங்கள்.

புதன்கிழமை அதே தாள் திரும்பி வந்தது.
பின்பக்கத்தில், பென்சிலில், பெரிய எழுத்தில்:

அம்மா,
உங்கள் கடிகாரம் மாலை ஏழுக்கு அலறுகிறது.
நீங்கள் எழுவதில்லை.
ஏழு பத்துக்கு. ஏழு இருபதுக்கு. ஏழரைக்கு.
பேத்தியை நான் தூங்க வைப்பது அப்போதுதான்.
இரண்டு வருடமாக.
குழாயில் கரண்டி போட்டதில்லை.
போ. குபேலா

முதலில் கோபம்தான் வந்தது.
கிழவர் வேண்டுமென்றே எண்ணியிருக்கிறார் என்று,
ஏதோ நான் எண்ணாதவள் போல.
இரண்டு நாள் அந்தத் தாளை
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.
அந்தக் கடிகாரம் இரும்பு.
அலமாரி இரும்பு. சுவரில் அறைந்த அலமாரி.
சுவரோ பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத்
தலையணைக்குக் கீழே புதைத்தேன்.
பதினொரு நிமிடம் தாமதமாகப் போய்
டிப்போவில் கையெழுத்துப் போட்டேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

ஞாயிறு வந்தது.
பத்தே முக்காலிலிருந்து விழித்துக் கிடந்தேன்,
ஊசிக்குக் கையை நீட்டியவள் போல.

தப்.
தப்.

பலகைக்கு அடியில் துண்டு எதையோ
மடித்துப் போட்டிருக்க வேண்டும்.
சத்தம் குறையவில்லை, குணம் மாறியிருந்தது.
கையுறையைக் கழற்றாத யாரோ
உள்ளே வரலாமா என்று தட்டுவது போல.

அரைத் தூக்கத்தில் எழுந்து போய்க்
கதவைத் திறந்துவிட்டேன்.
யாரும் இல்லை.
படிக்கட்டெல்லாம் கொழுப்பு காயும் வாசனை.
கீழே எவ்ஜென் நான்காவது சுரத்தில்
விழுந்துகொண்டிருந்தான்.

சாத்திவிட்டு வந்து படுத்தேன்.
பதினாறு.
பதினேழு.