வெள்ளைச் சதுரம்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தாம்.
அம்மாவுக்கு இருந்ததா?
கூடப்பிறந்தவளுக்கு இருந்ததா?
இரண்டிலும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு
ஐந்து வருடம் கவலையில்லாமல்
சிங்கி இறாலுக்குத் தலை திருகினேன்.

பிறகு எங்கள் தீவுக்கு மாற்றலாகி வந்தாள்
செவிலி பெர்னிஸ் பிண்டர்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
உன் அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?

மூன்று அத்தைகள்.
இஸ்மே, முப்பத்தெட்டில் போனாள்.
கிளியோரா நாற்பத்தொன்றில், பெரும்புயல் வந்த வருடம்;
அவளைப் புதைத்த மேட்டையும் கடல் கேட்டு வாங்கிக்கொண்டது.
ஒனைடா இருக்கிறாள்,
சட்டையின் ஒரு பக்கம் தட்டையாக,
ஞாயிறுதோறும் எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டு.

வாய்விட்டு எண்ணியபோதுதான்
என் காதிலேயே விழுந்தது.

பிண்டர் காகிதத்தில் வரைந்தாள்.
பெண்ணுக்கு வட்டம். ஆணுக்குச் சதுரம்.
நோய் கண்ட வட்டங்களை மையால் நிரப்பினாள்.
மூன்று அமாவாசைகள்.
அவற்றின் பக்கத்தில் அப்பா,
ஒரு வெள்ளைச் சதுரம், பூட்டிய வீடு மாதிரி.
கோடு அந்த வீட்டுக்குள் புகுந்துதான்
என்னிடம் இறங்கியது.

என் இரத்தம் தபால் கப்பலில் போனது,
வெங்காய மூட்டைகளுக்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜுக்கும் நடுவில்.
ஏழு வாரம் கழித்து விடை வந்தது.
இருக்கிறது.

நாசோவில் டாக்டர் சொன்னார்,
வருடத்துக்கு இரண்டு முறை வா.
ஒரு முறை மேமோகிராம்,
ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.
குளிக்கும்போது தடவிப் பார்க்கிறேனே, போதாதா?
பார். உன் உடம்பு உனக்குப் பழகட்டும்.
ஆனால் உன் விரலுக்குச் சிக்கும்போது அது பட்டாணி.
எனக்கு அது கடுகாக இருக்கும்போதே வேண்டும்.

முதல் இயந்திரம்
இரண்டு தட்டுகளுக்கு இடையே என்னை வைத்து அழுத்தியது.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள் ஒருத்தி,
பேருந்து நடத்துநர் போல.
படத்தில் எல்லாமே வெள்ளை.
இந்த வயதில் சதை அடர்த்தி அப்படி என்றார்கள்.
கட்டி இருந்தால் அதுவும் வெள்ளைதானாம்.
வெண்மணலில் வெண்சிப்பி தேடுகிற பிழைப்பு.
அதனால்தான் இரண்டாவது.

அதில் குப்புறப் படுக்க வேண்டும்.
பலகையில் இரண்டு பள்ளங்கள்.
நரம்பில் ஏதோ குளிர்ச்சியாக ஏற
குழாய்க்குள் நழுவினேன்.
தொடங்கியது பார், தடதடவென்று,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியுமுன்
நெருப்பில் வாட்டி முறுக்கேற்றிய ஆட்டுத்தோல் மேளங்கள்,
ஜங்கனூ ஊர்வலம் முழுதும் என் மண்டைக்குள்.
ஆடத்தான் கூடாது.
மூச்சைக்கூட அளந்து விடச் சொன்னார்கள்.

அந்த இரைச்சலில் அப்பா வந்தார்.
படகின் விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து,
அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமிழ்த்தி
முகத்தை உள்ளே விட்டுச்
சங்கு தேடுவாரே, அந்த அப்பா.
அலை மேலே எப்படி அடித்தாலும்
வாளிக்குள் கடல் அசையாமல் தெரியும்.
இங்கே வாளி யார், கடல் யார்
என்று எனக்குக் குழம்பிவிட்டது.

இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றது கடிதம்.
அந்த இப்போதைக்கை மடித்து
கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் ஆல்டனிடம் சொன்னேன்,
நீயும் இரத்தம் கொடு.
அவனுக்கு இரண்டு பெண்கள், ஆறு வயது, ஒன்பது வயது.
ஆம்பளைக்கு எதுக்குடி அந்தச் சோதனை
என்று மீன் முள்ளைத் துப்பினான்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.
அந்தக் காகிதத்தை நான் காட்டிய நாளிலிருந்து
என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
இப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

நானும் ஆம்பளைதான் என்றார்.

வெளியே யாரோ படகை இழுத்துக் கட்டும் சத்தம்.
ஆல்டன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சின்னவள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

சுவரில் அப்பாவின் ஓத நாட்காட்டி.
ஆகஸ்ட் ஒன்று, சிங்கி இறால் பருவம் திறக்கும்.
ஆறாம் தேதியில் நான் ஏற்கெனவே என் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருந்தேன்.
காலையில் பார்க்கிறேன்,
அதன் பக்கத்தில் பென்சிலால், அழுத்தி, கோணலாக
ஓர் ஆ.