ஆறு மில்லி

கிராங்க் ஒரு வேனுடையது,
பத்து வருஷம் ரொட்டி ஏற்றிய வேன்.
கனெக்டிங் ராடு நான்கும்
ஜப்பானில் பாதியாய் அறுபட்டுக் கெப்போங்கில் வந்திறங்கிய
ஏதோ ஒரு லான்சரிலிருந்து.
பிளாக் மட்டும் நவநீதனின் சொந்தம்;
அதற்கும் இன்னும் ஏழு தவணை பாக்கி.

'பொருந்துமாக்கா?'

போல்ட் பொருந்தும்.
போல்ட் எதற்கும் பொருந்தும்.

வேனின் கிராங்க் கொஞ்சம் நீளமாய் வீசும்.
பழைய பிஸ்டனைப் போட்டால்
பிளாக்குக்கு மேலே ஆறு மில்லி தலையை நீட்டும்,
பஸ் ஜன்னலில் பையன்கள் நீட்டுவதுபோல.
பின் துளை ஆறு மில்லி ஏறிய பிஸ்டனுக்கு
மூன்று மாதம் அலைந்தான்.
மூன்று ஒரே பெட்டியில் கிடைத்தன.
நான்காவது தனியாக வந்தது,
சீனப் பத்திரிகையில் சுற்றி.

கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
நான்காவது, நான்கு கிராம் குறைச்சல்.
இங்கே சட்டம் ஒன்றுதான்:
இளைத்தவன் எடைக்கு
மற்றவர்கள் இறங்கி வரவேண்டும்.
மூன்றின் உள்வயிற்றையும் சுரண்டி முடித்தபோது
செகம்புட் தண்டவாளத்தில்
கடைசி ரயிலும் போய்விட்டது.

பிறகு களிமண்.
மகளின் பள்ளிக்கூடப் பச்சைக் களிமண்ணைப்
பிஸ்டன் தலைகளில் அப்பி,
ஹெட்டை ஏற்றி, கையால் இரண்டு சுற்று சுற்றி,
மறுபடி கழற்றினேன்.
மூன்றில் வால்வின் தடம் ஆழமில்லை, நிம்மதி.
நான்காவதில் களிமண்
வீசிய ரொட்டி சானாய்போல.
அடியில் அலுமினியம் தெரிந்தது.

'இடிக்கலதானே? விட்டுடுங்க.
சனிக்கிழமை செப்பாங். எல்லாருக்கும் சொல்லிட்டேன்.'

கையால் சுற்றும்போது இடிக்கவில்லை, தம்பி.
ஏழாயிரத்தில் ராடு இழுபடும்,
வால்வு தாமதிக்கும்.
அப்போது என் கை அங்கே இருக்காது.

நான்காவதின் பள்ளத்தை
இன்னும் ஒரு மில்லி தோண்டினேன்.
தோண்டியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது:
அது இப்போது
இன்னும் இரண்டு கிராம் இளைத்துப்போயிருந்தது.

சுரண்டிய மூன்றையும்
மறுபடி எடுத்தேன்.
நவநீதன் பேசவில்லை. கோப்பி வாங்கப் போனான்.

வண்டியின் கிராண்டில்
பிளாக்கின் எண் மட்டும்தான் இருக்கிறது.
வேனைப் பற்றி, பத்திரிகையில் வந்தவனைப் பற்றி
அதில் ஒரு வரி கிடையாது.

வெளிச்சம் வருகிறது.
தராசை நன்றாகக் கழுவ வேண்டும்.
பத்து மணிக்கு
இரண்டு கிலோ பட்டர் கேக் ஆர்டர்.