கடைவாய்ப் பல்

புர்க்டோர்ஃப் மேல்நகர்ப் படிகளில்
மாசி முழுக்க எனக்குப் பல் உளைந்தது.
இடது கடைவாய்.
ஏறினால் உளையும், நின்றால் அடங்கும்.

கராம்பு கடித்தேன்.
தோள்மூட்டும் நொந்தது; அது
முதியோர் இல்லத்தில் வாளி தள்ளுகிற நோ.
கட்டில் விரிப்பு மாற்றவே மூச்சு வாங்கியது; அது வயது.
நாற்பத்தொன்பது.
குகநேசன் சோடா உடைத்துத் தந்தார்:
"வாயு. ராத்திரித் தின்ற பருப்பு."

வேலையிடத்து விறாந்தையில் ஒரு படம்:
நெஞ்சைப் பொத்திக்கொண்டு
நரைத்த ஆம்பிளை ஒருவர்,
கழுத்துப்பட்டி கட்டியவர்.
கிழமைக்கு ஐந்து நாள் அவரைத் தூசி தட்டினேன்.
என்னை அவரில் தேடவில்லை.

பல்வைத்தியர் லூத்தி
இரும்புக் குச்சியால் தட்டினா. நோகவில்லை.
குளிர்தண்ணி பீச்சினா. நோகவில்லை.
"பிறகு எப்பதான் நோகுது?"
படியில், என்றேன். ஏறேக்க மட்டும்.

கையுறையைக் கழற்றினா.
"பல்லுக்குப் படியேறத் தெரியாதே"
சொல்லிக்கொண்டே போனை எடுத்தா.
அம்புலன்ஸ் வாசலுக்கு வரும்வரை
பல் பிடுங்க எத்தனை பிராங்க் என்று
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு குழாய் வைத்திருக்கிறார்கள்.
வைகாசியில் வேலைக்குத் திரும்பினேன்.
முதல் நாளே, ஆள் இல்லாத நேரம்,
அந்த ஆம்பிளையின் தாடையில்
நீலப் பேனையால் ஒரு வட்டம் போட்டேன்.
முதுகில் ஒன்று போட இடமில்லை,
முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

யாரோ கிறுக்கியிருக்கிறார்கள், துடை என்கிறார் மேற்பார்வையாளர்.
துடைக்கிற வேலை என்னுடையதுதான்.
இன்னும் துடைக்கவில்லை.