பதினெட்டாவது குவளை

சின்னாந்தேகாவில்
கரும்புத் தீ வைத்த மறுநாள்
விடியுமுன்பே மண் சுடும்.
எரிமலை தன்பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருக்கும்.
நான் தண்ணீர் வண்டிக்காரி.
நுபியா என்று யாரும் கூப்பிடுவதில்லை.
"தண்ணி!" என்றால் நான்தான்.

நாற்பத்திரண்டு பேர் வெட்டுகிறார்கள்.
என் நோட்டில் ஆளுக்கொரு வரி,
குவளைக்கு ஒரு கோடு,
ஐந்தாவது குறுக்கே.
போன பருவத்தில் இருவருக்குச் சிறுநீரகம் போனது.
அதன்பின் மேஸ்திரி எனக்கிட்ட கட்டளை ஒன்றே ஒன்று:
குடிக்க வை.
வைத்தேன்.
கெஞ்சியும், கெட்ட வார்த்தை சொல்லியும்,
சிலரிடம் வெட்டுக்கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டும்.

கசிமிரோவிடம் அந்தப் பாடு இல்லை.
நீட்டினால் குடிப்பான்.
குடித்ததெல்லாம் முதுகில் வரும்,
முதுகில் வந்தது உப்பாய்ப் பூக்கும்.
காய்ந்தால் அவன் சட்டை
ஆளில்லாமலே எழுந்து நிற்கும் என்பாள் தெல்மா,
துவைப்பவள் அவள்தானே.
நாங்கள் சிரிப்போம்.
வெளியே போனதை எல்லோரும் பார்த்தோம்,
போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று பதினொரு மணிக்கு
தலை வலிக்கிறது என்றான்.
கொடுத்தேன் ஒரு குவளை.
விரல் வீங்கி மோதிரம் இறுக்குகிறது என்றான்.
இன்னொன்று.
வாந்தியெடுத்தான், வெறும் தண்ணீர்,
கண்ணாடி மாதிரி, என் வண்டித் தொட்டியில் இருப்பதைவிடச் சுத்தமாக.
என்னை அவன் அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
வெயில் ஏறிவிட்டது, இன்னும் கொடு என்றார் மேஸ்திரி.
நான்தான் தாடையைப் பிடித்து
பதினெட்டாவதை ஊற்றினேன்.
வெட்டிய தாள்களின் மேல் விழுந்து
கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

மருத்துவமனையில் ஒடிலியா கேட்டாள்:
எவ்வளவு குடித்தான்?
நோட்டை நீட்டினேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினேன்.
அவள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீன்ஸ் குழம்பில் உப்பே போடாமல்
தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே போனால்
என்ன ஆகும், என்றாள்.
சப்பென்று ஆகும், என்றேன்.
இவன் ரத்தம் அப்படி ஆகிவிட்டது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்,
அது பழைய கணக்கு.
தண்ணீரைக் குடித்தவன்
உப்புக்கு எங்கே போவான்?
அரை மணி தூரத்தில் கொரிந்தோ துறைமுகம்,
கடல் முழுக்க உப்பு,
கப்பல் முழுக்க நாங்கள் வெட்டிய சர்க்கரை.
இவனுக்கு ஏற்றியதோ ஒரு சின்ன பாட்டில்.
மெதுவாக, மெதுவாக, வேகம் போனால் அதுவும் கெடுதல் என்று
சொட்டுகளைக் கண்ணால் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.
நான் அதையும் எண்ணினேன்.
எண்ணுவதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு.

மூன்றாம் நாள் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
நுபியா என்று.
வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது வண்டியில் இரண்டு தொட்டி.
ஒன்றில் வெறும் தண்ணீர்.
மற்றதில் அளந்து உப்பு, அளந்து சர்க்கரை.
குடலுக்குள் சர்க்கரை உப்பின் கையைப் பிடித்து உள்ளே இழுக்குமாம்,
தண்ணீர் அவர்கள் பின்னாலேயே போகுமாம்.
கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்றாள் ஒடிலியா.
முதல் தொட்டி கலக்கிய அன்று
அளவு பார்க்க எனக்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை.
ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள்.
சர்க்கரைக்கு ஆலையில் ஒப்புதல் வாங்கப்
பதினோரு நாள் ஆனது,
ஆலை முற்றத்தில் மூட்டை மேல் உட்கார்ந்துதான் காத்திருந்தேன்.

கசிமிரோ திரும்பி வந்துவிட்டான்.
பழக்க தோஷத்தில் குவளையை நீட்டுகிறேன்.
"கொஞ்சம் பொறு," என்கிறான்,
"தாகம் எடுக்கட்டும்."
நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
பொறுக்கிறேன்.